மிசியேயின் கறுத்த காசுகள்

வெள்ளி கறுத்தால் தேய்க்க வேண்டும். எங்கள் ஊரில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவாள். பித்தளைக்குப் புளி, வெள்ளிக்குத் திருநீறு. ஈரத் துணியில் திருநீற்றைத் தொட்டுத் தேய்த்தால் குங்குமச் செப்பு பளிச்சென்று வந்துவிடும். வெள்ளியைக் கறுக்க விட்டு வைத்திருக்கிறவளைப் பார்த்து நாலு பேர் கதைப்பார்கள்.

அதனால் பாரிசில் நான் வீடு துடைக்கப் போன பிரெஞ்சுக் கிழவர் மிசியேயின் வீட்டில் அந்தக் காசுகளை முதல்முறை கண்டபோது எனக்கு அந்த மனிதர்மேல் இரக்கம்தான் வந்தது. மனைவி இல்லாத வீடு. மரப்பெட்டிக்குள் தட்டுத் தட்டாக வெள்ளிக் காசுகள், எல்லாம் அடுப்புக்குள் கிடந்து எடுத்தமாதிரி. சில வட்டமாகக்கூட இல்லை. தகரத்தை உளியால் வெட்டியதுபோல மூலை மூலையாக இருந்தன. ஒரு கிழவர் இவ்வளவு குப்பையைப் பூட்டி வைத்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டு நிலத்தைத் துடைத்தேன்.

அந்த வேலை எனக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். இங்கே எங்கள் கடைத்தெருவான லாசப்பலில் எங்கள் பெண்கள் செய்கிற மெனாஜ், அதாவது வீடு கூட்டித் துடைக்கிற வேலை, விளம்பரம் பார்த்துக் கிடைப்பதில்லை. கைமாறும். ஒருத்தி லண்டனுக்குப் போகிறாள் என்றால் வீட்டுத் திறப்பை, சாவியை, இன்னொருத்தியிடம் கொடுத்து விட்டுப் போவாள். ஒருத்திக்குப் பிள்ளை பிறந்தால் தங்கச்சி போவாள், தங்கச்சிக்குக் காய்ச்சல் என்றால் மச்சாள் போவாள். வேலையை வெறுமையாக விடக்கூடாது. விட்டால் வேறு யாராவது நுழைந்துவிடுவார்கள். வீட்டுக்காரருக்குத் திறப்பைத் தெரியும், எங்கள் முகங்களைத் தெரியாது. மிசியேயின் திறப்பும் அப்படித்தான் கனடாவுக்குப் போன ஒரு பெண்ணிடமிருந்து எனக்கு வந்தது. அவர் மட்டும் கொஞ்சம் வித்தியாசமானவர். முதல் நாளே என்னை உட்கார வைத்து, இனி இந்தத் திறப்பு வேறு யார் கைக்கும் போகக்கூடாது என்று சொன்னார். பெட்டியைக் காட்டித்தான் சொன்னார்.

வீடு ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவில், எங்கள் கடைகள் தொடங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே. நாலாம் மாடி, லிஃப்ட் கிடையாது. நான் அப்போது மார்க்ஸ் டோர்மோயில் அண்ணை வீட்டில் இருந்தேன். அண்ணை, அண்ணி, அவர்களின் இரண்டு பிள்ளைகள், அதற்குள் நான். பகலில் எல்லோரும் உட்காருகிற சோஃபாதான் என் படுக்கை. எல்லோரும் ரிவி பார்த்து முடிந்தால்தான் நான் படுக்கலாம்.

2009இல் வன்னியில் கணவரை இழந்தேன். எங்கே, எப்படி என்று எழுத எனக்கு விருப்பமில்லை. அதை அகதி அலுவலகத்தில் சொன்னேன், பிறகு நீதிமன்றத்தில் சொன்னேன். இரண்டு இடத்திலும் நான் சொன்னது தெளிவாக இல்லையாம். எந்தத் திகதி, எந்தப் பக்கத்திலிருந்து ஷெல் வந்தது, பக்கத்தில் யார் நின்றார்கள். நான் என்ன, கையில் மணிக்கூடு கட்டி எழுதிக்கொண்டா ஓடினேன்? மறுத்துவிட்டார்கள்.

முகாமிலிருந்து வெளியே வந்தபின் மகளை வவுனியாவில் என் தங்கச்சியிடம் விட்டுவிட்டுத்தான் வெளிக்கிட்டேன். அவளுக்கு அப்போது ஐந்து வயது. ஏஜென்சிக்காரன் பிள்ளையைக் கொண்டுபோக முடியாது என்றான். ஒரு வருடத்தில் உன்னை அங்கே எடுத்துவிடுவேன் என்று அவளுக்குச் சொன்னேன். கார்த், அதாவது இந்த நாட்டில் இருக்கிற அனுமதி அட்டை, கிடைத்தால்தான் அவளை எடுக்கலாம். கார்த் கிடைத்தால்தான் போய்ப் பார்க்கக்கூட முடியும். இல்லாவிட்டால் இந்த நாட்டைவிட்டு வெளியே கால் வைத்தால் திரும்பி வர முடியாது. என் வாழ்க்கையில் மற்ற எல்லாம் இந்த ஒன்றுக்குக் கீழேதான்.

வழக்கறிஞர் ஒரு வழி சொன்னார். அகதி என்று கேட்டுக் கிடைக்கவில்லை, வேலை செய்கிறேன் என்று கேட்கலாம். அதற்கு ஒரு முதலாளி கையெழுத்துப் போட வேண்டும். இத்தனை வருடம் என் வீட்டில் இவர்தான் வேலை செய்தார், இனியும் வைத்திருப்பேன், எழுத்தில் வேலைக்கு எடுக்கிறேன் என்று. வழக்கறிஞருக்கு லாசப்பலை நன்றாகத் தெரியும். விரலை நீட்டிச் சொன்னார்: "உங்கள் ஆட்கள் வேலையை மாற்றி மாற்றிச் செய்கிறது எனக்குத் தெரியும். அந்த வீட்டில் நீங்கள்தான் வேலை செய்திருக்க வேண்டும். வேறு ஒருத்தி என்று ஒரு சொல் வந்தாலும் கோப்பைக் குப்பையில் போடலாம்."

எனக்கு இருந்த ஒரே நிலையான வீடு மிசியேயின் வீடு. மற்றவை எல்லாம் அங்கொன்று இங்கொன்று.

அவரிடம் கேட்பதற்கு முன்பே அவருடைய கதைகளைக் கேட்கத் தொடங்கிவிட்டேன். அன்பினால் அல்ல. கையெழுத்து வேண்டும் என்றால் மனிதரின் காதுக்கு நல்லவளாக இருக்க வேண்டும். அவர் ஒரு காசை எடுப்பார். ஓரத்தில்தான் பிடிப்பார், பெருவிரலும் சுட்டுவிரலும், முகத்தில் விரல் படாது. லென்ஸை என் கையில் தருவார். "பாருங்கள், மதாம்."

ஒருபக்கம் தாடி வைத்த தலை. மறுபக்கம் குதிரையில் ஒரு ஆள். முதலில் அது கிரேக்கக் காசாம். இந்த நாட்டிலும் இதற்குக் கிழக்கேயும் இருந்த கெல்ட்டுகள் கிரேக்க அரசர்களுக்குக் கூலிக்குச் சண்டை பிடிக்கப் போனார்களாம். சம்பளமாக இந்தக் காசுகளைக் கொண்டுவந்தார்கள். பிறகு தாங்களே அதைப் பார்த்து அடிக்கத் தொடங்கினார்கள். பார்த்து அடித்ததைப் பார்த்து இன்னொருவர் அடிக்க, அதைப் பார்த்து இன்னொருவர். அப்படிப் போகப் போகக் குதிரைமேல் இருந்த ஆள் காணாமல் போனார். குதிரையின் கால்கள் தனித்தனித் தடிகளாயின, மூட்டு இருந்த இடத்தில் உருண்டைகள். தாடி சுருள் சுருளாகி முகத்தைத் தின்றுவிட்டது. கிரேக்க எழுத்து இருந்த இடத்தில் வெறும் கோடுகள். அவர்களுக்கு அதை வாசிக்கத் தெரியாது, பார்த்துக் கீறினார்கள்.

எனக்கு அது நன்றாக விளங்கியது. கார்த் கொடுக்கிற பிரெஃபெக்சரில் எங்கள் ஆட்கள் படிவம் நிரப்புவதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர் எழுதியதைப் பார்த்து அப்படியே கீறுவார்கள். என்ன எழுதினோம் என்று அவர்களுக்கும் தெரியாது, வாங்குகிறவனுக்கும் தெரியாது.

"பழுதாக்கி வைச்சிருக்கினம்" என்று என் அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னேன்.

அவர் சிரித்தார். "எல்லோரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள். ரோமக் காசு நூறு எடுத்தால் நூறும் ஒன்றுதான். இதில் ஒன்றைப்போல ஒன்று இல்லை. இந்தக் குதிரையை அடித்த கை வேறு, அந்தக் குதிரையை அடித்த கை வேறு. அவர்கள் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை, மதாம். அந்த ஆட்களின் கை எப்படி இருந்தது என்று பார்க்க எனக்கு இந்தக் காசுகள்தான் இருக்கின்றன."

தெற்குப் பக்கத்துக் காசுகள்தான் மூலை மூலையாக வெட்டியவை. அவற்றில் ஒரு சிலுவை, நாலு மூலையிலும் நாலு சின்ன அடையாளம். யேசு பிறப்பதற்கு முந்தியது, ஆகவே அது வேதக்காரரின் சிலுவை இல்லை என்றார். சில காசுகளில் ஆழமாக வெட்டுக் காயம் இருந்தது. உள்ளேயும் வெள்ளிதானா, செம்புக்கு வெள்ளி பூசி ஏமாற்றுகிறார்களா என்று அந்தக் காலத்து ஆட்களே உளியால் வெட்டிப் பார்த்திருக்கிறார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னும் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

கறுப்பைப் பற்றியும் சொன்னார். ஒருமுறை அல்ல, பலமுறை. அது அழுக்கு இல்லை. மண்ணுக்குள் கிடந்த காலம் முழுவதும் வெள்ளியின்மேல் படிந்த தோல். சேகரிக்கிற ஆட்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். மேட்டில் கொஞ்சம் வெளிச்சமாகவும் பள்ளத்தில் கறுப்பாகவும் இருப்பதால்தான் தேய்ந்துபோன முகமும் கண்ணுக்குத் தெரிகிறது. துடைத்துவிட்டால் காசு செத்துவிடும் என்றார். "தூசி தட்டவும் வேண்டாம், மதாம். இந்த மேசை எனக்கு மட்டும்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபம் வந்தது. எவனோ அடித்த குதிரையின் தோலுக்காக இந்த மனிதர் உருகுகிறார். எங்கள் ஆட்கள் கிடக்கிற இடத்தில் ஒரு கல்லுகூட இல்லை. ஆனால் லென்ஸைக் கையில் தந்தால் நான் வாங்கிப் பார்த்தேன். அதுவும் உண்மை. கொஞ்ச நாளில் எந்தக் குதிரை எந்தத் தட்டு என்று எனக்குத் தெரிந்திருந்தது. வேலை முடிந்து படியிறங்கும்போது, காலே இல்லாத அந்தக் குதிரை எப்படி ஓடுகிறமாதிரித் தெரிகிறது என்று யோசித்துக்கொண்டே இறங்கியிருக்கிறேன். அண்ணை வீட்டில் இதை யாரிடம் சொல்வது? பைத்தியம் என்பார்கள்.

கையெழுத்தைப் பற்றிக் கேட்டபோது அவர் யோசிக்கக்கூட இல்லை. "நிச்சயமாக" என்றார். ஆனால் எல்லாவற்றையும் மெதுவாகச் செய்கிற மனிதர். படிவத்தை முழுக்க வாசிக்க வேண்டும் என்றார். வாசித்தார். விளங்காத ஒரு வரியைப் பற்றிக் கேட்டார். பிறகு தன் கூட்டாளிகள் வருகிற ஞாயிறு முடியட்டும், திங்கட்கிழமை உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அவரைப்போலக் காசுப் பைத்தியம் பிடித்த கிழவர்கள் சிலர் வருடத்தில் ஓரிரு தடவை அங்கே கூடுவார்கள். ஆளாளுக்கு ஒரு காசைக் கையில் வைத்துக்கொண்டு பின்னேரம் முழுவதும் கதைப்பார்கள். அதற்காக அவர் பெட்டியைத் திறந்து, தன் மிகச் சிறந்த காசுகளைத் தெரிந்து, மேசையில் பச்சைத் துணி விரித்துப் பரப்பி, மேலே இன்னொரு துணியால் மூடி வைத்திருந்தார்.

அந்தக் கிழமைதான் எனக்குப் பித்தப்பையில் கல் என்று ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மிசியே வீட்டு முறை. மிசியேக்குப் போன் எடுத்து வர முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் ஆட்கள் யாரும் அப்படிச் செய்வதில்லை. அண்ணி என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "கையெழுத்து வாற நேரத்திலை வேலைக்குப் போகாமல் விடுறதோ? திறப்பைத் தா, நான் போறன். கிழவன் அண்டைக்கு டொக்டரிட்டைப் போறானெண்டு நீதானே சொன்னனீ, ஆர் வந்ததெண்டு அவனுக்கு என்ன தெரியப்போகுது?" என்றாள். எனக்கு வலி. மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "மேசையிலை மட்டும் கை வையாதேங்கோ அண்ணி" என்றேன்.

"எனக்கென்ன விசரே?" என்றாள்.

சனிக்கிழமை திறப்பையும் ஃபிளாஸ்கில் சூப்பையும் கொண்டு வந்தாள். முகமெல்லாம் சந்தோசம்.

"பிள்ளை, நான் செய்து வைச்சிருக்கிற வேலைக்கு அந்தக் கிழவன் உன்னைக் கோயில் கட்டிக் கும்பிடுவான்."

"என்ன செய்தனீங்கள்?"

"உந்த மேசையிலை வெள்ளிக்காசுகள் கிடந்தது. ஒரே கரி. நீ இவ்வளவு காலமும் உதைக் கவனிக்கேல்லையோ? வெள்ளியை உப்பிடி விடுறதே? அதுவும் வெள்ளிக்கிழமையும் அதுவுமா."

கட்டிலை விட்டு எழும்பப் பார்த்தேன். "அண்ணி, தொட வேண்டாமெண்டெல்லோ சொன்னனான்!"

"எடுத்தனானே? ஒண்டும் குறையேல்லை. கிடந்தமாதிரியே அடுக்கி, துணியாலை மூடி வைச்சிட்டுத்தான் வந்தனான். என்னைக் கள்ளியெண்டு நினைச்சியோ?"

"என்னத்தாலை தேய்ச்சனீங்கள்?"

"தேசிக்காய்ப் புளி விட்டு ஊற வைச்சிட்டு, கைப்பையிலை கிடந்த கோயில் திருநீறு போட்டு. முதல் கையாலை தேய்ச்சன், போகேல்லை. பிறகு சட்டி தேய்க்கிற பச்சைத் துண்டாலை."

"எல்லாத்தையுமோ?"

"ஓம். அரைகுறையா வேலை செய்யிற பழக்கம் எனக்கில்லை. இப்ப போய்ப் பார், புதுப் பவுண் மாதிரி மினுங்குது. உனக்கொரு பேர் வரட்டும் எண்டுதானடி செய்தனான்."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. பக்கத்துக் கட்டிலில் கிடந்த ஆப்பிரிக்கப் பெண் எழுந்து உட்கார்ந்தாள், தாதி ஓடி வந்தாள். அண்ணி சூப்பை ஊற்றிக்கொண்டே, "நன்றி கெட்டவள்" என்றாள். மாலையில் வந்த அண்ணை முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "காசு மினுங்கினால் நல்லதுதானே, அதுக்கேன் இவள் குளறுறாள்?" என்று அண்ணியைப் பார்த்துக் கேட்டான். இரண்டு பேருக்கும் விளங்கப்படுத்த என்னால் முடியவில்லை. அழுக்குக்கு விலை இருக்கிறது என்று தமிழில் சொன்னால் யார் நம்புவார்?

ஞாயிற்றுக்கிழமை, போகக்கூடாது என்று சொல்லச் சொல்லக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மிசியே வீட்டுக்குப் போனேன். நாலு மாடி. ஒவ்வொரு வளைவிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கிழவர்கள் வந்திருந்தார்கள். வழக்கமாக அந்த நேரம் எல்லோரும் ஒரே நேரத்தில் கதைப்பார்கள், வாசலிலேயே கேட்கும். அன்றைக்குச் சத்தமே இல்லை. மேசையில் பச்சைத் துணியின்மேல் காசுகள் வெள்ளை வெளேரென்று கிடந்தன. நானே அவற்றை அடையாளம் காணவில்லை. காலில்லாத குதிரை எங்கே என்று தேடினேன். கறுப்பு இருந்த பள்ளமெல்லாம் வெளுத்து, மேடும் பள்ளமும் ஒன்றாகிவிட்டன. யன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றிலும் மெல்லிய கீறல்கள், பச்சைத் துண்டு வட்டமாகப் போன வழி. ஒரு கிழவர் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, ஓரத்தில் பிடிக்கிற வழக்கத்தைக்கூட மறந்து, கரண்டியை வைப்பதுபோலத் தட்டென்று மேசையில் வைத்தார். இன்னொருவர், "கடையில் விற்கிற பொத்தான்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. தேநீர் குடிக்காமலே ஒவ்வொருவராகக் கோட்டை மாட்டிக்கொண்டு போனார்கள். செத்தவீட்டில் கை கொடுப்பதுபோல அவருக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்கள்.

கதவு சாத்தியபின் அவர் என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கோபத்துக்குக் கோபம் எனக்குத் தெரியும்.

"வெள்ளிக்கிழமை இங்கே வந்தது யார், மதாம்?"

வழக்கறிஞரின் விரல் எனக்கு முன்னால் நின்றது. வேறு ஒருத்தி என்று ஒரு சொல்.

"நான்தான்" என்றேன்.

"இதைச் செய்தது?"

"நான்தான்."

அவர் உட்கார்ந்தார். "உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். லென்ஸை உங்கள் கையில் தந்தேனே. நீங்கள் பார்த்தீர்கள். பார்க்கிற ஆளின் முகம் எனக்குத் தெரியும். பிறகு ஏன்?"

 "ஊத்தையாக இருந்தது" என்றேன். அந்த வீட்டில் நான் சொன்ன மிகக் கேவலமான சொல் அதுதான். அதைச் சொல்லும்போது எனக்கு நன்றாகத் தெரிந்தது, ஒன்றும் தெரியாத வேலைக்காரியாக நான் என்னையே ஆக்கிக்கொள்கிறேன் என்று.

"திறப்பைத் தாருங்கள்" என்றார்.

கொடுத்தேன். கொடுத்துவிட்டு, வெட்கத்தைவிட்டு, "கையெழுத்து" என்றேன். மகளைப் பற்றி அவருக்குத் தெரியும், திரும்பவும் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். என்னை வேலைக்கு வைக்க வேண்டாம், பழுதான காசுகளுக்கு ஈடாக வேண்டுமானால் நான் சாகும்வரை இலவசமாக வேலை செய்கிறேன், அந்த ஒரு தாளில் மட்டும் போடுங்கள் என்றேன்.

"இவரை நம்பி என் வீட்டை விட்டுப் போவேன், இனியும் வைத்திருப்பேன் என்று அதில் எழுத வேண்டும். இன்றைக்கு அப்படி எழுதினால் பொய்" என்றார். "நான் பொய்யில் கையெழுத்துப் போட்டதில்லை."

எனக்கு அப்போதுதான் விசர் பிடித்தது. "இல்லை மிசியே, நான் இல்லை, என் அண்ணி" என்று கத்தினேன். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். என்னைப் பார்த்து அவர் வெட்கப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். பொய்யை உடனே நம்பிய மனிதர் உண்மையை நம்பவில்லை.

வீட்டுக்கு வந்து அண்ணியோடு பெரிய சண்டை. அவளும் விடவில்லை. ஆனால் கடைசியில், "வா, நானே வந்து சொல்லுறன். கொலையே செய்தனான்?" என்று அவளே சொன்னாள். அந்தக் கிழமையே ஒருநாள் பின்னேரம் இரண்டு பேரும் போனோம். கீழ்க்கதவைத் திறக்கிற இலக்கம் எனக்குத் தெரியும். அண்ணி நல்ல சேலை உடுத்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்தாள். பாரிசில் இவ்வளவு காலம் இருந்தும் அவளுக்குப் பிரெஞ்சு கடைக்குப் போதுமானது மட்டும்தான். அது அவளுக்குத் தடையே இல்லை.

கதவைத் திறந்ததும் தமிழில் தொடங்கி, தெரிந்த பிரெஞ்சுச் சொற்களை இடையிடையே போட்டாள். "மிசியே, நான்தான். மோய். இவள் இல்லை. இவள் ஆஸ்பத்திரி. ஒப்பிதால். காசு தேய்ச்சது நான். நல்லதுக்குத்தான் தேய்ச்சனான், உங்கடை ஆக்களுக்கு அது பிடிக்காதெண்டு எனக்கெப்பிடித் தெரியும்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். ஆஸ்பத்திரித் தாளைக் கொடுத்தேன். வாசித்தார், திகதியைப் பார்த்தார். அண்ணிக்குப் பொறுமை இல்லை. நேரே குசினிக்குள் போனாள். லாச்சியை இழுத்து அதற்குள்ளிருந்து ஒரு பழைய வெள்ளிக் கரண்டியை எடுத்துக்கொண்டு வந்து, கைப்பையைத் திறந்து, திருநீற்றுச் சரையைப் பிரித்து, எச்சில் தொட்டு, அவருக்கு முன்னாலேயே சேலைத் தலைப்பால் தேய்க்கத் தொடங்கினாள். "இப்பிடித்தான். இப்பிடி. பார், மிசியே, றெகார்தே." கரண்டியை அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

அவர் கரண்டியை வாங்கினார். திருப்பிப் பார்த்தார். "நன்றாகத்தான் வந்திருக்கிறது" என்றார். ஒரு கணம் சிரிப்பார் என்று நினைத்தேன்.

"ஆகவே வெள்ளிக்கிழமை இங்கே வேலை செய்தது இவர்."

"ஓம், மிசியே. அண்டைக்கு மட்டும்."

"மற்ற நாட்களில்?"

"நான்தான். எப்போதும் நான்தான்."

"ஞாயிற்றுக்கிழமையும் நான்தான் என்று சொன்னீர்கள்." கரண்டியை மேசையில் வைத்தார். "மதாம், எங்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு காசு எங்கேயிருந்து வந்தது, யார் கையில் இருந்தது என்று விற்கிறவன் ஒருமுறை பொய் சொல்லிவிட்டால், அந்தக் காசு நல்ல காசாகவே இருந்தாலும் பிறகு ஒருவரும் தொடமாட்டார்கள். காசின் குற்றம் இல்லை. ஆனால் தொடமாட்டார்கள்." ஆஸ்பத்திரித் தாளை மடித்து என்னிடம் திருப்பித் தந்தார். "இந்த வீட்டில் வேலை செய்தது யார் என்று அரசாங்கத்துக்கு நான் எழுத வேண்டும். யார் என்று எனக்கே தெரியாது."

"நான் பொய் சொன்னது அந்தத் தாளுக்காகத்தான்."

"தெரியும்" என்றார். "அதனால்தான் முடியாது."

அண்ணி என் கையைப் பிடித்து இழுத்தாள். "என்னவாம்? போடுறானோ, இல்லையோ?"

"இல்லை."

"நான் வந்து உண்மையைச் சொல்லியும் இல்லையோ?" என்று அவரைப் பார்த்துக் கேட்டாள். "உனக்குப் பிள்ளையள் இல்லையோ, மிசியே?" அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அது எனக்குத் தெரியும்.

படியில் இறங்கும்போது அண்ணி அழுதாள். நான் அழவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் இன்றைக்கும் போகவில்லை. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் ஏதாவது வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பார். நேர்மையான மனிதர் ஒருவரிடம் போய் மாட்டிக்கொண்டேன். காசு பழுதானதற்காக அவர் என்னைத் தண்டிக்கவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தண்டித்திருந்தால் ஒருநாள் மன்னித்திருப்பார்.

பிரெஃபெக்சரில் குறித்த நாளில் அந்தத் தாள் இல்லாமல் போனேன். வழக்கறிஞர் வேறு சில வீடுகளின் துண்டு துணுக்குகளை ஒட்டிக் கொடுத்திருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கோப்பைப் புரட்டினாள். முதலாளியின் கடிதம் எங்கே என்று கேட்டாள். இல்லை என்றேன். கொஞ்சக் காலம் கழித்து மறுப்பு வந்தது. கூடவே நாட்டை விட்டுப் போகச் சொல்லியும் தாள் வந்தது. போகவில்லை. எங்கே போவது? அண்ணை வீட்டை விட்டு மட்டும் போனேன். அண்ணி ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கச் சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு அந்த வீட்டில் அவள் எனக்குச் சாப்பாடு போடும்போது முதல் என் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வையோடு சாப்பிட எனக்கு முடியவில்லை.

இப்போது பாரிசுக்கு வெளியே சேன்-தெனி ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் குசினிக்குப் பின்னால் நிற்கிறேன். முதலாளி எங்கள் ஆள். கையெழுத்து என்று கேட்டால், "பாப்பம் அக்கா, இந்தச் சீசன் முடியட்டும்" என்கிறான். எத்தனை சீசன் முடிந்துவிட்டது. இடையில் இரண்டு தடவை திரும்பவும் கோப்புப் போட்டேன். இரண்டு தடவையும் பழைய மறுப்பை எடுத்துக் காட்டினார்கள்.

மகளுக்கு இந்த வருடம் பதினேழு. பிள்ளை என்று சொல்லி எடுப்பதற்கு இன்னும் கொஞ்ச மாதம்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு அவள் வளர்ந்தவள், தனி ஆள், தனிக் கோப்பு. சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒவ்வொரு ஞாயிறும் கேட்பாள், "அம்மா, கார்த் வந்திட்டுதோ?" பிறகு மாதத்துக்கு ஒருமுறை கேட்டாள். பிறகு கேட்கிறதை விட்டுவிட்டாள். படிப்பைப் பற்றி, சித்தியின் இடுப்பு உளைவைப் பற்றி, மழையைப் பற்றிச் சொல்லுவாள்.

போன ஞாயிறு போன் எடுத்தாள். "அம்மா, இஞ்சை ஒரு கடையிலை கணக்கு எழுத ஆள் கேக்கினம். நான் சேரப் போறன்."

"சோதனைக்குப் படிக்கேல்லையோ?"

"படிச்சு?"

"இஞ்சை வந்து படிக்கலாம்."

 ரோட்டில் ஓட்டோ போகிற சத்தம் கேட்டது. பிறகு, "அம்மா, நீங்கள் இனி அதுக்காக ஒருத்தரிட்டையும் போய் நிக்காதேங்கோ" என்றாள். "நான் கோவத்திலை சொல்லேல்லை. உண்மையாச் சொல்லுறன். போதும்."

நான் பேசினேன். வாயில் வந்ததெல்லாம் பேசினேன். உனக்கென்ன தெரியும், நான் என்ன செத்தா போனேன், முதலாளி இந்த மாதம் போடுகிறேன் என்றிருக்கிறான், கட்டாயம் போடுவான் என்றேன். அவன் அப்படிச் சொல்லவே இல்லை.

"சரி அம்மா" என்றாள். "சரி. வருவன்."

நான் சொன்னதை அவள் நம்பவில்லை. என்னை அமைதிப்படுத்தத்தான் சொன்னாள். ஐந்து வயதில் அவளை விட்டுவிட்டு வரும்போது, ஒரு வருடத்தில் எடுத்துவிடுவேன் என்று நான் அவளுக்குச் சொன்ன அதே குரல்.